கல்லூரி ஆய்வகத்துக்கு ஓர் அதிர்வு மேசை: ஓராண்டுக்குப் பின்

எங்கள் இயற்பியல் ஆய்வகத்துக்காக வாங்கிய மின்காந்த அதிர்வு மேசையை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். ஓரடுக்காகப் பரப்பிய உலோகக் கம்பித் துண்டுகள் அதிர்வில் தாமாகவே எப்படி வரிசை கொள்கின்றன என்பதை மாணவர்கள் கண்ணால் காண வேண்டும் என்பதே வாங்கியதன் நோக்கம். அதை வைத்தே மதிப்பிடுகிறேன்.

இச்சோதனைக்கு வலிமையைவிடச் சீர்மையே முக்கியம். தகட்டின் உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தை மிஞ்சினால்தான் துண்டுகள் துள்ளும். 50 ஹெர்ட்ஸில் அதன் நான்கு மடங்கை எட்ட 0.4 மில்லிமீட்டர் வீச்சே போதும். இம்மேசை அந்த வீச்சை மணிக்கணக்கில் தளராமல் தருகிறது.

அதன் பயனை வட்டக் கிண்ணத்தில் கண்டேன். விட்டத்தைப் போல் நான்கு மடங்கு நீளமுள்ள உருளைத் துண்டுகளை நெருக்கமாக இட்டு, அவை எழுந்து நிற்க முடியாதபடி தாழ்வாக மூடியிட்டு ஆட்டினால், ஒன்றுக்கொன்று இணையாகவோ செங்குத்தாகவோ அமையும் டெட்ராட்டிக் ஒழுங்கு உருவாகிறது. சுவரோரத் துண்டுகள் சுவரை ஒட்டியே கிடக்க முயல்வதால், வட்டத்தை ஒருமுறை சுற்றி வருவதற்குள் அவற்றின் திசையும் முழுச் சுற்று திரும்பியாக வேண்டும். நடுப்பகுதியின் ஒழுங்கு அதற்கு இடம்கொடாமையால், கால் சுற்று மதிப்புள்ள நான்கு இடத்தியல் குறைபாடுகள் (ஒழுங்கு குலையும் புள்ளிகள்; ஒன்றைச் சுற்றி வந்தால் துண்டுகளின் திசை கால் சுற்று திரும்பியிருக்கும்), ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு, ஏறத்தாழ ஒரு சதுரத்தின் மூலைகளைப் போல் விளிம்பருகே நிற்கின்றன. சதுரக் கிண்ணத்திலோ சுவர்களே அந்த ஒழுங்குக்கு இசைவதால் குறைபாடே தேவைப்படுவதில்லை. பாத்திரத்தின் வடிவமே குறைபாடுகளின் கூட்டுமதிப்பை விதிக்கிறது என்பதைக் கரும்பலகையில் இவ்வளவு தெளிவாக என்னால் ஒருபோதும் விளக்க முடிந்ததில்லை.

குறை அதன் கால்களில் இருக்கிறது. ரப்பர் கால்களை உயர்த்தித் தாழ்த்த வழியில்லை. ரசமட்டத்தில் கண்ணுக்குப் புலப்படாத சாய்வுகூடத் துண்டுகளை ஒருபுறம் ஒதுக்கி, அந்த நான்கு குறைபாடுகளின் சமச்சீரைக் குலைத்துவிடுகிறது. இந்த விலைக்கு மூன்று நுண்திருகுக் கால்களையாவது சேர்த்துத் தந்திருக்க வேண்டும். நாங்கள் அவற்றைப் பட்டறையில் கடைந்து பொருத்திக்கொண்டோம்.

கம்பித் துண்டுகளை வெட்ட வசதியில்லாதவர்கள் பாஸ்மதி அரிசியில் தொடங்கலாம். விஜய் நாராயண், நாராயணன் மேனன், ஸ்ரீராம் ராமசாமி ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், உருளைகள் டெட்ராட்டிக் ஒழுங்கின் சாயலைக் காட்ட, முனை மெலிந்த துண்டுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே திசையில் அமையும் நெமட்டிக் ஒழுங்கையும், பாஸ்மதி அரிசி அடுக்கடுக்கான ஸ்மெக்டிக் ஒழுங்கின் அறிகுறிகளையும் காட்டின.