கரி அடுப்பும் கரி மூட்டையும் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

"சுட்ட மண் பூச்சு, ஆயுசுக்கும் உழைக்கும்" என்று சொல்லி ஒரு கடையில் எங்கள் தலையில் கட்டிய வாளி அடுப்பு, சில நாளிலேயே உள்ளே படீரென்று வெடித்துச் சில்லு குழம்பில் விழுந்தது. சில்லின் மேல்பக்கம் செங்காவி, உள்ளே சாம்பல் நிறச் சிமெண்ட். கேட்டால், "நீங்க தண்ணி ஊத்தியிருப்பீங்க" என்றார்கள். கூட வாங்கிய 25 கிலோ கரியிலும் ஏமாற்று.

சிமெண்ட் இறுகும்போது தண்ணீரைத் தனக்குள் பிடித்துக்கொள்ளும். கங்கின் சூட்டில் அது ஆவியாகி வெளியேற, பூச்சு பொரிந்து தெறிக்கும். கடையிலேயே உள்சுவரை ஆணியால் கீறிப் பாருங்கள். சுட்ட மண் என்றால் கீறிய இடமும் செங்கல் நிறமாகவே இருக்கும். கீற விடாத கடையில் வாங்காதீர்கள். உள்ளே மண் பூச்சே இல்லாத ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டு அடுப்பும் வேண்டாம்: அந்தத் துத்தநாகம் 420 டிகிரியில் உருகிவிடும், சூடு இன்னும் ஏறினால் வரும் புகை குளிர்காய்ச்சல் கொண்டுவரும்.

கங்கு தாங்கும் தட்டு வார்ப்பிரும்பாக இருக்கட்டும். மெல்லிய தகட்டில் ஓட்டை போட்டது சீக்கிரமே தொய்ந்து, சாம்பல் அடைத்து, காற்று ஏறாமல் கங்கு மங்கும். விளிம்பில் பாத்திரத்தைத் தாங்கும் குமிழ்களையும் பாருங்கள். பாத்திரம் வைத்தபின் விளிம்புக்கு மேல் ஒரு விரல் கனம் இடைவெளி வேண்டும். எங்களுக்குத் தந்ததில் பாத்திரம் வாயை அப்படியே மூடிக்கொண்டது. காற்று இழுப்பு நின்று கரி அரைகுறையாக எரிந்தால் நச்சுவாயு கூடும்.

கரியில் நடக்கும் ஏமாற்று இதைவிடப் பெரிது. மூட்டை வாயில் கட்டிக் கரி, அடியில் தூளும் மண்ணும். எடைக்காகத் தண்ணீர் வேறு தெளித்திருப்பார்கள். கேட்டால் கரி சுடும் மூட்டத்தை அணைக்க அடித்த தண்ணீர் என்பார்கள். ஒரு கிலோவை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து நிறுத்துப் பாருங்கள். நூறு கிராமுக்குள் குறைந்தால் சரி, காற்றின் ஈரம் எல்லாக் கரியிலும் ஏறும். இருநூறுக்கு மேல் குறைந்தால் நீங்கள் தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். நன்றாக வெந்த சீமைக்கருவேலக் கரி இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்கும், உடைத்த இடம் கறுப்பாக மினுங்கும். உள்ளே பழுப்பாக, நாராக இருந்தால் அரைவேக்காடு. கண்ணைக் கரிக்கும் புகைதான் மிச்சம். எரித்தபின் சாம்பலையும் நிறுங்கள். கிலோவுக்கு ஐம்பது கிராம் போல இருப்பது இயல்பு; நூற்றைம்பதைத் தாண்டினால் மண் கலந்தது. எரியும்போது வெடிமருந்து நெடி அடித்தால் நிலக்கரித் துண்டு கலந்திருக்கலாம். அதில் கறி வாட்டாதீர்கள்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம்.

இதையெல்லாம்விட எங்களுக்குக் கோபம், அந்தக் கடைக்காரர் சொன்ன ஒரு பொய்மேல்தான்: "புகையே வராது, குளிருக்கு ரூமுக்குள்ளயே வச்சுக்கலாம்." புகை நின்று கங்கு செக்கச்செவேலென்று இருக்கும்போதும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, வாடையில்லை. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் பூட்டிய அறைக்குள் கரி மூட்டித் தூங்கியவர்கள் எழுந்திருக்கவேயில்லை. ஒரு ஜன்னல் திறந்திருப்பதை நம்பிப் பக்கத்தில் படுக்காதீர்கள். கூரை மறைப்பில்லாத முற்றத்தில் சமையுங்கள், கங்கு முழுக்க அணையும்வரை அடுப்பை உள்ளே கொண்டுவராதீர்கள். யாருக்காவது தலைவலி, குமட்டல், கால் துவளல் என்றால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுபோய் 108-ஐ அழையுங்கள்.