எல்கேட் நொதியை அளக்கும் ஒளிர்வுமுறைக் கிட்: கல்லீரல் நோயாளிகளின் மாதிரிகளுக்கு ஏற்றதா?

கல்லீரல் நோயாளிகளின் ரத்தத்தில் எல்கேட் (லெசித்தின்-கொலஸ்டிரால் அசைல்டிரான்ஸ்ஃபரேஸ்) நொதியின் செயல்பாட்டை அளக்க எங்கள் ஆய்வகத்தில் பயன்படுத்தும் ஒளிர்வுமுறைக் கிட்டைப் பற்றிய மதிப்புரை இது. செய்முறை எளிது, முடிவுகளும் ஒன்றுக்கொன்று நன்றாகவே ஒத்துப்போகின்றன. ஆனால் காமாலை முற்றியவர்களின் மாதிரிகளுக்கு இதை மட்டுமே நம்பி அறிக்கை கொடுப்பது சரியல்ல.

கல்லீரல் சுரக்கும் இந்த நொதி, ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் எச்டிஎல் துகளில் உள்ள ஏபோ ஏ-1 புரதத்தால் தூண்டப்பட்டு, லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளிலிருந்து ஒரு கொழுப்பு அமிலத்தைப் பிரித்துக் கொலஸ்டிராலுடன் இணைக்கிறது. நலமாக இருப்பவரின் பிளாஸ்மாவில் (ரத்தத்தின் திரவப் பகுதியில்) ஏறத்தாழ 70 சதவீதக் கொலஸ்டிரால் இப்படிக் கொழுப்பு அமிலம் இணைந்த எஸ்டராகவே இருக்கும். சிரோசிஸ் (கல்லீரலில் தழும்பேறும் நோய்) முற்றும்போது நொதியின் உற்பத்தி குறைந்து இந்தப் பங்கும் சரிகிறது; மொத்தக் கொலஸ்டிராலை மட்டும் பார்த்தால் அது தெரிய வராது. பித்தத்தேக்கத்திலோ மொத்த அளவு ஏறவும் செய்யும், ஏறியதில் பெரும்பகுதி எஸ்டராகாத கொலஸ்டிராலாக இருக்கும்.

கிட்டில் உள்ள ஒளிரும் செயற்கை லெசித்தினுடன் சில மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவைச் சேர்த்து 37 டிகிரி செல்சியஸில் வைக்கிறோம். நொதி அதை வெட்ட வெட்ட 470 நானோமீட்டர் ஒளிர்வு குறைந்து, 390 நானோமீட்டர் ஒளிர்வு கூடுகிறது. இவ்விரண்டின் விகிதமே விடை. இதே அளவீட்டுக்காக முன்பு கதிரியக்கக் கொலஸ்டிராலோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

சிக்கல், காமாலையில் மஞ்சள் நிறம் தரும் பிலிரூபினில் இருக்கிறது. அது 450 நானோமீட்டரை ஒட்டி ஒளியை உறிஞ்சுவதால், அடர்மஞ்சளாக வரும் பிளாஸ்மாவில் 470 ஒளிர்வின் ஒரு பகுதியை விழுங்கி, நொதியை உள்ளதைவிடச் சுறுசுறுப்பானதாகக் காட்டக்கூடும். அதே மாதிரியில் நொதியைத் தடுத்துவிட்டு அதை வெற்று அளவீடாக வைத்துக் கழித்தால் இதைப் பெருமளவு சரிசெய்யலாம். கல்லீரல் ஆய்வுக்கு உகந்தது என்று விளம்பரப்படுத்தும் நிறுவனம், கையேட்டில் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை.

இன்னொரு வரம்பும் உண்டு. கிட் அளப்பது லெசித்தினை வெட்டும் முதற்படியை மட்டுமே, அதுவும் வெளியிலிருந்து தரப்பட்ட லெசித்தினில். கல்லீரல் நோயில் நோயாளியின் சொந்த எச்டிஎல் துகளே உருமாறிக் கிடப்பதால், உடலுக்குள் எஸ்டராக்கம் உண்மையில் எந்த அளவு நடக்கிறது என்பதை இந்த எண் சொல்லாது. ஆகவே எஸ்டராகாத கொலஸ்டிராலையும் மொத்தக் கொலஸ்டிராலையும் தனித்தனியே அளந்து உடன் வைத்துப் பார்க்கிறோம். ரத்தம் எடுத்த குழாயிலும் நொதி ஓயாமல் வேலை செய்யும் என்பதால், அந்த அளவீட்டுக்கான மாதிரியை உடனே பனிக்கட்டியில் வைத்துப் பிளாஸ்மாவைப் பிரிப்பது அவசியம்.

ஒரே நோயாளியைத் தொடர்ந்து கண்காணிக்கும் ஆய்வகங்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். ஒற்றை அளவீட்டை வைத்து நோயின் தீவிரத்தை முடிவு செய்ய விரும்புவோருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.