சித்தப்பாவின் ஒஸ்ரினும் விழுந்த ஒயில் பிறஷரும்

மூன்று கிழமை லீவில் யாழ்ப்பாணம் போனேன். அதில் பதினொரு நாள் ஒரு எஞ்சினோடு போனது. வருத்தமே இல்லை. ஊரில் பழைய கார் வைத்திருக்கிற அப்பாவோ சித்தப்பாவோ மாமாவோ உங்களுக்கும் இருந்தால், நடந்ததைக் கேளுங்கள்.

கார் 1958ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ55 கேம்பிரிட்ஜ். 1489 சிசி பெற்றோல் எஞ்சின். நான் பேர்மிங்ஹாமில் இருக்கிறேன். இந்தக் காரைச் செய்த லோங்பிரிட்ஜ் தொழிற்சாலை இருந்த இடத்தைத் தாண்டித்தான் அடிக்கடி போய்வருவேன். இப்போது அங்கே கடைகளும் வீடுகளும். அங்கே பிறந்த கார் கொக்குவிலில் ஒரு தகரக் கொட்டிலுக்குள் இன்னும் உயிரோடு நிற்கிறது.

அது உயிரோடு இருக்கக் கொடுத்த விலையும் உண்டு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் வடக்கே பெற்றோல் வரவில்லை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்திலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். அந்தப் புகை மணம் எனக்கு இன்னும் மூக்கில் நிற்கிறது. மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாத மிச்சம் பிஸ்ரன் றிங்கைத் தாண்டிக் கீழே வடிந்து சம்ப்பில் (எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கிற தட்டில்) உள்ள ஒயிலைத் தண்ணீராக்கும். அப்படித் தண்ணீரான ஒயிலில் வருடக் கணக்கில் ஓடிய எஞ்சின் இது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்த காலத்தில் ஊரில் யாரும் பழைய காரைக் கழித்துவிடவில்லை. சித்தப்பாவும் எஞ்சினை முழுதாகப் பிரித்துச் செய்வதென்று முடிவெடுத்து, நான் போவதற்கு முதல் மாதம் ஒரு கராஜில் விட்டிருந்தார். கிராங்கை (பிஸ்ரன்கள் சுற்றவைக்கிற தண்டை) 20 தௌ அரைத்து (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அந்தத் தண்டு சுழலுகிற புது மெயின் பேரிங், பிஸ்ரன் கோல் அதைப் பிடிக்கிற புது பிக்கெண்ட் பேரிங், புது பிஸ்ரன் எல்லாம் போட்டாயிற்று. சில சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைத்தது. மிச்சத்தை நான் இங்கிருந்து அனுப்பினேன். எம்ஜிஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே 1489 எஞ்சின்தான் இருந்தது என்பதால் இங்கிலாந்தில் அதற்கான உதிரிப்பாகங்கள் இன்றும் தாராளம்.

நான் போய் இறங்கிய அன்று ஸ்ரார்ட் பண்ணிக் காட்டினார். சித்தப்பா எப்போதோ வாங்கிப் பூட்டிய ஒயில் பிறஷர் மீற்றர் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்ட் காட்டியது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கால் மணித்தியாலத்தில் எஞ்சின் சூடேறியது. முள் மெல்ல மெல்ல இறங்கி, ஐட்லிங்கில் (மிதிக்காமல் சும்மா ஓடும்போது) 5க்கு வந்து நடுங்கியது. ஆக்சிலரேற்றரை மிதித்தாலும் 15ஐத் தாண்டவில்லை. நிற்பாட்டச் சொன்னேன்.

கராஜில் சொன்னார்கள்: "பம்ப் வேலை செய்யேல்லை, மாத்துவம்." மாற்றினார்கள். அதே 5. பிறகு, தடித்த ஒயில் ஊற்றினால் சரிவரும் என்றார்கள். ஊற்றியதில் முள் 5இலிருந்து 8க்கு வந்தது. ஓட ஓடச் சரிவரும், ஆயிரம் கிலோமீற்றர் ஓடிப் பாருங்கோ என்றார்கள். இந்த மூன்றாவது ஆலோசனையை மட்டும் தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். ஒயில் பிறஷர் ஓடிச் சரிவருகிற விஷயமில்லை. புதுப் பேரிங்கைத் தின்றுவிடும்.

சித்தப்பாவின் கூட்டாளி ஒருவர் உரும்பிராய்ப் பக்கம் இருக்கிற ஒரு ஐயாவைப் பற்றிச் சொன்னார். எழுபதைத் தாண்டியவர். வீட்டோடு சேர்ந்த சின்ன கராஜ், போர்ட்டும் கிடையாது. காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். பொனற்றைத் திறக்க முதல் அவர் கேட்டது ஒரே கேள்வி: "குளிரில எவ்வளவு, சூட்டில எவ்வளவு?"

சொன்னேன்.

"தம்பி, பம்ப் பிறஷர் தாறதில்லை. ஒயிலைத்தான் தாறது. ஒயிலுக்குப் போக வழி ஒடுக்கமா இருந்தாத்தான் பிறஷர். குளிரில 50 வருதெண்டா பம்ப் உயிரோட இருக்கு. சூட்டில ஒயில் இளகினவுடன எங்கையோ அகலமான வழியால ஓடுது. அதைத்தான் பிடிக்கவேணும்."

இத்தனை நாளாக எங்களுக்கு விளங்காதது அரை நிமிடத்தில் விளங்கியது. பேரிங் இடைவெளி இரண்டு மடங்கானால், அதனூடாகத் தப்புகிற ஒயில் ஏறத்தாழ எட்டு மடங்காகும். இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப ஓட்டம் கூடும் என்பது கணக்கு. ஒரே ஒரு பேரிங் தளர்ந்திருந்தாலும் முழு எஞ்சினின் பிறஷரும் விழும்.

எதையும் கழற்ற முதல் தன்னுடைய மீற்றரைப் பூட்டிப் பார்த்தார். சித்தப்பாவின் மீற்றர் பொய் சொல்லவில்லை. அடுத்தது றிலீஃப் வால்வ். இந்த எஞ்சினில் அது இடதுபக்கம், பின்னுக்கு, குமிழ் மாதிரி இருக்கிற பெரிய நட்டுக்குள் இருக்கிறது. பிறஷர் மிஞ்சினால் திறந்து ஒயிலைச் சம்ப்புக்கே திருப்பிவிடுகிற வால்வ். அதன் இருக்கையில் ஒரு துணுக்குத் தூசி நின்றாலே பிறஷர் ஒழுகும். உள்ளேயிருந்த வால்வில் மெல்லிய வளையக் கோடு ஒன்று இருந்தது. துடைத்து, தேய்த்து, திருப்பிப் பூட்டியதில் 3 பவுண்ட் கூடியது. தலையை ஆட்டினார். "இதில்லை."

பிறகுதான் சம்ப்பைக் கழற்றினார். அடுத்து அவர் செய்ததை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். வெங்காயத் தோட்டத்துக்கு மருந்து அடிக்கிற, கையால் காற்றடிக்கும் தாங்கி ஒன்று. புதிதாக வாங்கி இதற்கென்றே வைத்திருக்கிறார். அதற்குள் ஒயிலை ஊற்றி, நுனியைக் கழற்றிவிட்டு, குழாயை மீற்றர் பூட்டுகிற துவாரத்தில் இணைத்தார். அடித்து அடித்துத் தாங்கியில் பிறஷர் ஏற்றினார். எஞ்சின் ஓடவில்லை, பம்ப் சுற்றவில்லை, ஆனால் ஒயில் மட்டும் எல்லாப் பாதையாலும் போகிறது. நானும் அவரும் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு ரோர்ச் அடித்துப் பார்த்தோம்.

மெயின் பேரிங் மூன்றிலிருந்தும் சொட்டுச் சொட்டாக விழுந்தது. எண்ணக்கூடிய வேகம். கிராங்கைக் கையால் மெல்லத் திருப்பச் சொன்னார். பிக்கெண்டுகளும் அப்படியே. "இது நல்ல வேலை, ஆர் அரைச்சதோ சரியா அரைச்சிருக்கினம்" என்றார். பிறகு ரோர்ச்சை மேலே திருப்பினார். கேம் ஷாஃப்ற்றின் (எஞ்சின் வால்வுகளைத் திறக்கிற தண்டின்) நடுப் பேரிங் பக்கமிருந்து ஒயில் சொட்டவில்லை. நூல் பிடித்தது போல, அறாமல், பளபளவென்று ஒரே தாரையாக ஊற்றியது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தோம்.

கிராங்கின் பேரிங் எல்லாம் புதிது. கேம் ஷாஃப்ற்றின் மூன்று பேரிங்கும் பழையது. மண்ணெண்ணெய்க் காலத்துத் தேய்மானம் அப்படியே இருந்திருக்கிறது. அவற்றை மாற்றுவது கரைச்சலான வேலை. வெள்ளை உலோகம் பூசிய புதுப் பேரிங்கை அடித்து இறக்கிய பிறகு, மூன்றையும் ஒரே நேர்கோட்டில் சீவி எடுக்க வேண்டும். அதற்கான கருவி எல்லோரிடமும் இராது. அதனால்தான் பலரும் தொடாமல் விடுகிறார்கள்.

ஒரு செற் பேரிங்குக்கு அன்று இரவே இங்கிலாந்தில் ஓடர் கொடுத்தேன். லண்டனிலிருந்து ஊருக்கு வந்த நண்பர் ஒருவரின் சூட்கேசில் ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தது. அதற்கிடையில் ஐயா எஞ்சினை இறக்கி, பழைய பேரிங்குகளைத் தட்டி எடுத்து, பக்கத்து லேத்தில் நீளமான ஒரு கம்பியில் மூன்று இடத்தில் கட்டர் பூட்டிக் கருவி செய்வித்திருந்தார். லேத்காரத் தம்பி இரண்டு நாள் மினக்கெட்டார். புதுப் பேரிங்கில் எண்ணெய்த் துவாரம் பிளொக்கின் துவாரத்தோடு நேராக நிற்கிறதா என்று ஒரு மெல்லிய கம்பியை விட்டு, மூன்றையும் ஐயா தானே பார்த்தார். அது கொஞ்சம் விலகினாலும் ஒயில் போகாது.

பூட்டி முடித்ததும் உடனே ஸ்ரார்ட் பண்ண விடவில்லை. பிளக் நாலையும் கழற்றிவிட்டு, மீற்றர் முள் எழும்பும்வரை ஸ்ரார்ட்டரில் மட்டும் சுற்றவைத்தார். பிறகு 20டபிள்யூ-50 ஒயிலில் அரை மணித்தியாலம் ஓடவிட்டோம். நல்ல சூட்டில், ஐட்லிங்கில் 20. இரண்டாயிரம் சுற்றில் 45. சித்தப்பா பொனற்றில் கையை வைத்தபடி அசையாமல் நின்றார்.

கூலியைத் துண்டில் எழுதித் தந்தார்: தன்னுடையது, லேத்துடையது, ஒயில், காஸ்கற், எல்லாம் தனித்தனி வரியில். புது பம்ப்புக்கும் ஒயிலுக்கும் முதலில் வீணாகக் கொடுத்ததைவிட ஐயாவின் பங்கு குறைவு. கூடத் தர முயன்றேன், வாங்கவில்லை. பழைய பேரிங் மூன்றையும் கடதாசியில் சுற்றித் தந்து, "அந்தப் பெடியளிட்டக் கொண்டுபோய்க் காட்டும். கிராங்க் வேலையை நல்லாச் செய்திருக்கிறாங்கள்" என்றார்.

போகிற வழியில் கொடுத்தேன். வேலை செய்த பெடியன் நடுப் பேரிங்கை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தான். அந்தத் தாங்கியை எப்படிப் பூட்டினவர் என்று கேட்டான். ஐயாவின் வீட்டுக்கு வழி சொல்லிக் கொடுத்தேன்.