சீந்திலை நொதிக்க வைக்க ரெய்ஷியா, கோஜியா?

சித்த மருத்துவப் படிப்பின் புற்றுநோய் ஆய்வு வேலைக்காக, திருகோணமலை உப்புவெளி வாடகை அறையில் இரண்டு வருடமாகச் சீந்தில் கொடித் தூளைப் பங்கசு (பூஞ்சை) போட்டு நொதிக்க வைக்கிறேன். ரெய்ஷி ஒரு மருந்துக் காளான்; கோஜி, ஜப்பானில் அரிசியையும் சோயாவையும் நொதிக்க வைக்கும் பங்கசு. இரண்டையும் வளர்த்துப் பார்த்தேன். இப்போது ரெய்ஷி மட்டும்தான் வைத்திருக்கிறேன்.

மூலிகையின் வேதிப்பொருட்கள் பல, சர்க்கரையோடு பிணைந்து கிடக்கின்றன. பங்கசு சுரக்கும் நொதியம் அந்தச் சர்க்கரையைக் கழற்றிவிடும். சோயாவின் ஜெனிஸ்டின் ஜெனிஸ்டீன் ஆவதும், ஜின்செங் வேரிலுள்ள ஆர்பி1 என்ற பொருள் 'காம்பவுண்ட் கே' ஆவதும் இப்படித்தான். ஆய்வுகூடக் கிண்ணத்தில் காம்பவுண்ட் கே, ஆர்பி1ஐ விடப் புற்றுநோய்க் கலங்களை நன்றாக அடக்குகிறது. கழற்றும் வேலை இரண்டு பங்கசுக்கும் தெரியும்.

வேகத்தில் கோஜிதான். இரண்டு, மூன்று நாளில் அரிசி முழுதும் பரவிவிடும். ரெய்ஷிக்கு மூன்று, நாலு கிழமை வேண்டும். எங்கள் ஊர்ச் சூடு இரண்டுக்குமே ஒத்துவரும். சீந்தில் தூளை மட்டும் வைத்தால் இரண்டும் மந்தமாகத்தான் வளர்ந்தன. மூன்று பங்கு சிவப்பரிசிக்கு ஒரு பங்கு தூள் என்று கலந்த பிறகுதான் பிடித்தது.

என் முடிவைத் தீர்மானித்தது நிறம். கோஜி, அஸ்பெர்ஜிலஸ் ஒரைசே. அதன் மிக நெருங்கிய உறவு அஸ்பெர்ஜிலஸ் ஃபிளேவஸ், அஃப்லடொக்சின் என்ற நஞ்சைச் சுரப்பது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தது, இந்த நஞ்சு ஏறிய கச்சான் பிண்ணாக்கைத் தின்றுதான். மனிதரில் ஈரல் புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சும் இதுவே. சாதாரணமாக அவித்தால் அழியாது. கோஜி வித்தி விடும்போது மஞ்சள் பச்சை. ஃபிளேவஸும் மஞ்சள் பச்சை. கார்த்திகை மாரியில் அறைச் சுவரே வியர்க்கும், துவாய் நாலு நாளாகியும் காயாது. அப்படி ஒரு நாள் கோஜித் தட்டைத் திறந்து மூக்கருகே பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். பச்சையாக இருந்தது. எந்தப் பச்சை என்று கண்ணால் சொல்ல வழியில்லை. புற்றுநோய்க்கு என்று செய்வதில் புற்றுநோய் நஞ்சு இருக்கக்கூடும் என்ற எண்ணம் வந்ததும் தட்டோடு கொண்டுபோய் எரித்தேன்.

ரெய்ஷி வெள்ளை. போத்தல் கண்ணாடியை ஒட்டிப் பஞ்சு போல ஏறும், நாளாக ஓரத்தில் மஞ்சளும் பழுப்பும் தட்டும். அதில் மிளகளவு பச்சைப் புள்ளி விழுந்தாலும் தூரத்திலேயே தெரியும். திறக்காமல் அப்படியே குக்கரில் அவித்து எறிந்துவிடலாம். போன மாரியில் பன்னிரண்டில் ஐந்து போத்தல் அப்படிப் போனது. கவலைதான், ஆனால் மிச்ச ஏழைப் பற்றி மனதில் சந்தேகம் இல்லை. நாலு கிழமை காத்திருப்பதில் எனக்கு வருத்தமில்லை.

பக்கத்து வீட்டு அன்ரி ஒருநாள், "தம்பி, அம்மாவுக்கு அதில கொஞ்சம் தாவன்" என்று கேட்டா. அவவின் அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய், மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். கொடுக்கவில்லை. நான் பார்த்தது பங்கசு வளர்ப்பு மட்டும்தான், கலச் சோதனைகூடச் செய்ததில்லை. கிண்ணத்தில் கலம் சாவது வேறு, ஆளுக்குக் குணமாவது வேறு. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவருக்கு ரெய்ஷி இரத்தக் கசிவையும் கூட்டலாம். "டொக்டரைக் கேட்காமல் ஒன்றும் குடுக்காதேங்கோ அன்ரி" என்று சொல்லி அனுப்பினேன்.

ஒவ்வொரு தொகுதியிலும் அஃப்லடொக்சின் அளந்து பார்க்க வசதியுள்ள ஆய்வுகூடத்தில் கோஜி நல்ல தெரிவு. மூன்று நாளில் முடிகிற வேலைக்கு நாலு கிழமை எதற்கு? என் அறையில் இருப்பது ஒரு பிறஷர் குக்கரும் ஒரு ஸ்பிரிட் விளக்கும். மாரி தொடங்க முன் இன்னும் பன்னிரண்டு போத்தல் ரெய்ஷி போட அரிசி ஊறுகிறது.