வினாகிரி போட சாமான் எங்க வாங்கலாம்: ஆன்லைன் கிட்டா, சாலைக் கடைவீதியா, நம்ம கோட்டாறா?

மீன் ஊறுகாய்க்கு கடை வினாகிரி (வினிகர்) ஊத்துனா அந்த மணம் வராதுன்னு பிடிவாதமா தேங்காத்தண்ணியில வீட்டுலயே வினாகிரி போடுற அம்மாமார் நம்ம குமரி மாவட்டத்துல இப்பவும் இருக்காங்க. அவங்கள பாத்து புதுசா ஆரம்பிக்கிற பிள்ளைங்க எல்லாரும் மொதல்ல கேக்குறது, சாமான் எங்க வாங்கணும்னுதான். மூணு வழி இருக்கு. ஆன்லைன்ல ஒயின் கிட்னு ஒரு பெட்டி வருது, அத அப்படியே வாங்கலாம். பஸ் ஏறி திருவனந்தபுரத்துல இருக்க சாலை கடைவீதிக்கு போலாம். இல்லன்னா கோட்டாறு, வடசேரி, மார்த்தாண்டம்னு உள்ளூர்லயே தேடி எடுக்கலாம். என் முடிவ இப்பவே சொல்லிடுறேன், கிட் வேண்டவே வேண்டாம், சாலைக்கு பெரிய பரணி (ஊறுகா போடுற ஜாடி) வேணும்னா மட்டும் போங்க, மத்த எல்லாத்துக்கும் உள்ளூரே போதும், சொல்லப்போனா உள்ளூர்தான் நல்லது. ஏன்னு ஒவ்வொண்ணா சொல்றேன்.

வெளிநாட்டுல இருக்க நம்ம சொந்தக்காரங்க அங்க இதுக்குன்னே தனி கடை இருக்கு, பரணி, ஈஸ்ட், குழாய், மீட்டர் எல்லாம் ஒரே எடத்துல கிடைக்கும்னு சொல்வாங்க, நமக்கு ஆசையா இருக்கும். இங்கிலாந்துல 1963-லயே வீட்டுல பியர் காய்ச்ச லைசென்ஸ் வேண்டாம்னு ஆக்கிட்டாங்க, அமெரிக்காவுல 1978-ல கார்ட்டர் கையெழுத்து போட்ட சட்டத்துக்கு அப்புறம் வீட்டு பியருக்கும் வரி இல்லன்னு ஆச்சு, அதுல வளந்த கடைங்கதான் அதெல்லாம். நம்ம ஊர்ல 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கு, லைசென்ஸ் இல்லாம வீட்டுல மது தயாரிச்சா குற்றம்தான், அது கிறிஸ்துமஸுக்கு போடுற ஒயினா இருந்தாலும் சரி. அதனால அப்படி ஒரு கடை இங்க வராது, நானும் இங்க பேசுறது வினாகிரியும், புளிக்க வைக்காம காய்ச்சி எடுக்குற இஞ்சி ஒயினும் மட்டுந்தான். வினாகிரியிலயும் ஈஸ்ட் சர்க்கரைய ஆல்கஹாலா மாத்துற ஒரு கட்டம் உண்டு, நுரை அடங்குனதும் தாய், அதாவது புளிப்பாக்குற பாக்டீரியா உயிரோட இருக்க பழைய வினாகிரி, ஊத்தி புளிப்புக்கு திருப்பிடணும், நடுவுல நிறுத்தி வெக்கிற பேச்சே கிடையாது.

இப்போ அந்த கிட்டுக்கு வருவோம். பெட்டிய பிரிச்சா வாய் குறுகின பெரிய கண்ணாடி ஜாரோ பிளாஸ்டிக் ஜாரோ இருக்கும், அதுக்கு மேல ஏர்லாக், ஒயின் ஈஸ்ட் பாக்கெட், கழுவுற மருந்து, அடர்த்தி பாக்குற ஹைட்ரோமீட்டர், உறிஞ்சு குழாய், சிலதுல சூடாக்குற பெல்ட்டும் உண்டு. பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வினாகிரிக்கு இதுல பாதி வேலைக்கு ஆகாது, சிலது கெடுதலாக்கும். ஏர்லாக் எதுக்கு, உள்ள இருக்க காத்து வெளிய போகணும், வெளிக்காத்து உள்ள வரக்கூடாது. வினாகிரி ஆக்குற பாக்டீரியாவுக்கோ காத்துதான் உயிர், ஆக்சிஜன் இல்லன்னா புளிப்பே ஏறாது. மேல்பரப்பு எவ்ளோ அகலமோ அவ்ளோ சீக்கிரம் ஆகும். அப்போ வாய் குறுகின ஜாரும் அத அடைக்கிற ஏர்லாக்கும் நமக்கு எதிரிதான? சூடாக்குற பெல்ட் குளிர் நாட்டுக்காரங்களுக்கு, வினாகிரி பாக்டீரியாவுக்கு பிடிச்ச சூடே 25-லருந்து 30 டிகிரி, அது நம்ம அடுக்களை மூலையில சும்மா கிடைக்குது.

ஈஸ்டும் அப்படித்தான். கிட்ல வர்ற ஈசி 1118 மாதிரி ஒயின் ஈஸ்ட் 18 சதவீதம் ஆல்கஹால் வரைக்கும் தாங்குற ஜாதி, நமக்கு தேவை அஞ்சு ஆறு சதவீதம், அதுக்கு மேல போனா தாய் திணறும். அதுக்கு பேக்கரி சாமான் விக்கிற கடையில கிடைக்கிற இன்ஸ்டன்ட் ஈஸ்ட் தாராளம். நாகர்கோவில்லயும் மார்த்தாண்டத்துலயும் பேக்கரிக்கு சப்ளை பண்ற கடைங்க இருக்கு, அங்க சரக்கு ஓடிட்டே இருக்கதால பழசு வராது, சின்ன பாக்கெட்டா கேட்டு வாங்குங்க, அரை கிலோ கட்டி வாங்கி பிரிச்சு வெச்சா செத்துடும். கூரியர்ல நாலஞ்சு நாள் வெயில்ல வேன்ல கிடந்து வர்ற வெளிநாட்டு பாக்கெட்ட விட இது எவ்ளவோ மேல், விலையிலயும் கிட்டவே வராது.

அடுத்தது பாத்திரம், இங்கதான் சாலைக்கும் கோட்டாறுக்கும் உண்மையான போட்டி. சாலைய 18-ம் நூற்றாண்டு கடைசியில ராஜா கேசவதாஸ் திவான் உண்டாக்குனாரு, நம்ம மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் கூடத்தான் இருந்துச்சு, அதனால கல்யாணச் சாமானோ பாத்திரமோ பெருசா வேணும்னா சாலைக்கு போற பழக்கம் பெரியவங்ககிட்ட இன்னும் இருக்கு. அங்க சீனப்பரணி வரிசையா அடுக்கி வெச்சிருப்பாங்க, பத்து லிட்டருக்கு மேல வேணும், அதுவும் நாலஞ்சு பாத்து தேர்ந்தெடுக்கணும்னா அங்கதான் சௌகரியம். ஆனா நாகர்கோவில்லருந்து எழுபது கிலோமீட்டர் பக்கம் வருது, அவ்ளோ கனமான பரணிய பஸ்ல மடியில வெச்சு கொண்டு வர்றது எளுப்பம் இல்ல, தக்கலை தாண்டுறதுக்குள்ள கை கழண்டுடும். அஞ்சு லிட்டர் பரணிக்கெல்லாம் சாலைக்கு போக வேண்டிய தேவையே இல்ல, கோட்டாறு கம்போளத்துல பாத்திரக்கடை அண்ணாச்சிமார்கிட்ட கேட்டாலே எடுத்து தருவாங்க.

எங்க வாங்குனாலும் பரணிய இப்படி பாருங்க. உள்பக்கம் கைய விட்டு அடி வரைக்கும் தடவுங்க, கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கணும், மணல் மாதிரி நெருடுனா அங்க மெருகு ஓடல, வினாகிரி அந்த எடத்துல ஊறி உள்ள போயிடும். தண்ணி நிறைய ஊத்தி ஒரு ராத்திரி பேப்பர் மேல வெக்க சொல்லுங்க, நல்ல கடைக்காரர் சம்மதிப்பாரு. உள்பக்கம் கலர் கலரா பூ போட்டதும், அலங்காரத்துக்கு விக்கிறதும் வேண்டாம், மெருகுல ஈயம் இருந்தா புளிப்பு அத இழுத்து எடுத்துடும். பித்தளை, செம்பு, அலுமினியம் மூணும் கூடவே கூடாது. கண்ணாடி பரணி பாதுகாப்பு, ஆனா வெளிச்சம் படாம துணி சுத்தி வெக்கணும். ஆன்லைன்ல கண்ணாடி வாங்குனா உடைஞ்சு வர்றதுக்கு தயாரா இருங்க, எனக்கு ஒருமுறை வந்தது பெட்டிய ஆட்டுனாலே கலகலன்னு சத்தம், திருப்பி அனுப்பி காசு வாங்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

பிளாஸ்டிக்தான் வேணும்னா எனக்கு தெரிஞ்சு மார்த்தாண்டத்த அடிச்சுக்க ஆளில்ல. தேனீ வளக்குறவங்க சங்கம் 1937-லருந்து இருக்க ஊரு அது, தேன் தொழில் பாக்குறவங்களுக்கு வேண்டிய உணவுத்தர வாளியும், கேனும், மெல்லிசு வடிகட்டியும் அங்க சுலபமா கிடைக்கும், வெளிநாட்டு ஒயின் கடையில விக்கிறதும் கிட்டத்தட்ட இதுதான். அடியில முக்கோணத்துக்குள்ள 2 இல்லன்னா 5 இருக்கணும், கிளாஸும் முள்கரண்டியும் போட்ட குறி இருந்தா இன்னும் கொள்ளாம். ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பா சொல்லணும், நம்ம மேற்கு பக்கம் ரப்பர் ஏரியா, குலசேகரம் மார்த்தாண்டம் பக்கம் பழைய கேன் கொஞ்ச காசுக்கு கிடைக்கும், கழுவுனா போதும்னு சொல்வாங்க, அதுல இருந்தது ஃபார்மிக் ஆசிடா அமோனியாவான்னு உங்களுக்கு தெரியாது, தயவு செஞ்சு அத தொடாதீங்க.

மூடுறதுக்கு மூடியே வேண்டாம், துணிதான். ஆன்லைன்ல சீஸ் துணின்னு விக்கிறாங்க, அது ஓட்டை பெருசு, பழ ஈ உள்ள போய் முட்டை போட்டுடும். வடசேரியில கிடைக்கிற கைத்தறி ஈரிழைத் துவர்த்து (துண்டு) ஒண்ணு வாங்கி, கஞ்சி போக ரெண்டு தடவ அலசி, நாலா மடிச்சு கட்டுங்க, காத்து போகும் ஈ போகாது. இதுக்கு மேல அதப்பத்தி பேச ஒண்ணும் இல்ல.

அளவு பாக்குற கருவியிலதான் ரொம்ப பேர் குழம்புறாங்க. ஆன்லைன் ஹைட்ரோமீட்டர் நல்ல பொருள், அத நான் குறை சொல்லல, கிட் இல்லாம தனியா அது மட்டும் வாங்குனா காசுக்கு பழுதில்ல. ஆனா நமக்கு அவ்ளோ நீளமான ஸ்கேல் தேவையில்ல. தேங்காத்தண்ணியில சர்க்கரை சேத்து 10 பிரிக்ஸுக்கு, அதாவது நூறு கிராமுல பத்து கிராம் சர்க்கரைங்கிற அளவுக்கு, கொண்டு வரணும், முத்துன தேங்காயோட தண்ணின்னா லிட்டருக்கு அறுபது எழுபது கிராம் சர்க்கரை பிடிக்கும். 10 பிரிக்ஸ்னா அடர்த்தி 1.040. பால்காரங்க வெச்சிருக்க லாக்டோமீட்டர்ல 40-ன்னு போட்டிருக்கதும் அதே 1.040 தான்! பால்பண்ணை சாமான் விக்கிற கடையில 0-லருந்து 40 வரைக்கும் கோடு இருக்கத கேட்டு வாங்குங்க, சிலது 15-லருந்துதான் தொடங்கும் அது வேண்டாம். உயரமான கிளாஸ்ல ஊத்தி மெதுவா இறக்குங்க, சர்க்கரை கம்மியா இருந்தா நல்லா முங்கும், சேக்க சேக்க மேல வரும், 40 கோடு தண்ணி மட்டத்துக்கு வந்ததும் நிறுத்திடலாம். எந்த சூட்டுக்கு செஞ்சதுன்னு தண்டுல போட்டிருக்கும், 27 டிகிரின்னு இருக்கது நம்ம ஊருக்கு சரியா பொருந்தும், ஆன்லைன் மீட்டர் பெரும்பாலும் 20 டிகிரிக்கு செஞ்சது, அதுக்கு கணக்கு திருத்தணும்.

ரப்பர் சாமான் கடையில மீட்டர் இருக்கான்னு கேட்டா மெட்ரோலாக்க எடுத்து நீட்டுவாங்க. அது ரப்பர் பாலுக்கு செஞ்சது, ரப்பர் பால் தண்ணிய விட லேசு, சர்க்கரைத்தண்ணி தண்ணிய விட கனம், ஸ்கேலுக்கு வெளிய போய் மிதக்கும், ஒரு பயனும் இல்ல.

ஆனா ஆன்லைன் கிட்ல சுத்தமா இல்லாத ஒண்ணு இருக்கு, எனக்கு அதுதான் ரொம்ப முக்கியம். வினாகிரி ஆயிட்டா ஆகலையான்னு ஹைட்ரோமீட்டர் சொல்லாது, நாக்கும் சரியா சொல்லாது, பிஎச் தாளும் ஆசிட் எத்தன சதவீதம்னு சொல்லாது. கடையில விக்கிற வினாகிரியில 100 மில்லிக்கு 3.75 கிராமுக்கு குறையாம அசிட்டிக் ஆசிட் இருக்கணும்னு உணவுப் பாதுகாப்பு விதி இருக்கு, மீன் ஊறுகாய்க்கு ஊத்துறது அதுக்கு கீழ இருந்தா ஊறுகா கெட்டு ஆபத்தாகும். நாகர்கோவில்ல காலேஜ், ஸ்கூலுக்கு லேப் சாமான் சப்ளை பண்ற கடையில 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல், பினால்ப்தலின் சின்ன பாட்டில், பத்து மில்லி சிரிஞ்ச் கேளுங்க. ஒரு மில்லி வினாகிரி எடுத்து கொஞ்சம் தண்ணி சேத்து, ரெண்டு சொட்டு பினால்ப்தலின் விட்டு, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல சிரிஞ்ச்ல எடுத்து சொட்டு சொட்டா விட்டுக்கிட்டே ஆட்டுங்க, ரோஸ் கலர் வந்து வந்து மறையும், மறையாம லேசா நிக்கிற எடத்துல நிறுத்துங்க, எத்தன மில்லி போச்சோ அத 0.6 ஆல பெருக்குனா அதுதான் சதவீதம். ஏழு மில்லி போனா 4.2. தேங்காத்தண்ணி வினாகிரி வெள்ளையா இருக்கதால கலர் பளிச்னு தெரியும், பன்னீர் திராட்சையில போட்டதுன்னா தண்ணி இன்னும் நெறய சேத்தாத்தான் கண்டுபிடிக்க முடியும். அந்த கரைசல் கண்ணுல படக்கூடாது, சோதிச்சத கொட்டிடணும், குடிக்கிற பாத்திரத்துல பண்ணாதீங்க, அவ்ளோதான்.

தாய்க்கு ஆன்லைன் தேவையே இல்ல. யார் வீட்டுலயாவது பழைய பரணி இருந்தா மேல மிதக்குற ஆடையோட ஒரு கிளாஸ் கேட்டு வாங்குங்க, கேட்டா இல்லன்னு சொல்ற ஆள் நம்ம பக்கம் குறைவு. இல்லன்னா சூப்பர்மார்க்கெட்ல மதர் இருக்கதா போட்ட, சூடாக்காத, வடிகட்டாத ஆப்பிள் வினாகிரி ஒரு பாட்டில். பளிங்கு மாதிரி தெளிஞ்ச சாதா வினாகிரி லேபிள்ல சிந்தெட்டிக்னு எழுதியிருக்கும், அசிட்டிக் ஆசிட்ல தண்ணி கலந்தது, அதுல உயிரே கிடையாது. கிட்ல வர்ற சல்பைட் மாத்திரையும், ஸ்குவாஷ் கெடாம இருக்க போடுற கேஎம்எஸ்ஸும் (பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்) பரணியில போட்டா இந்த தாயும் செத்துடும், கழுவ வெந்நி போதும்.

இஞ்சி ஒயினுக்கு கேக்கவே வேண்டாம், எல்லாமே கோட்டாறுதான். பட்டை, வத்தல் மிளகு (காஞ்ச மிளகாய்), சிட்ரிக் ஆசிட் எல்லாம் அங்க கிடைக்கும், கிராம்பு மட்டும் மாறாமலை பக்கத்து சரக்கான்னு கேட்டு வாங்குங்க, கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, நகத்தால அமுக்குனா எண்ணெய் கசியணும். 

பாட்டில் வேணும்னா ஆக்கர் கடையில (பழைய சாமான் கடை) கண்ணாடி பாட்டில் கொஞ்ச காசுக்கு எடுத்து வெந்நியில வேக வெச்சுக்கலாம், மருந்து பாட்டிலும் மண்ணெண்ணெய் வாடை இருக்கதும் தவிர. தகர மூடி வினாகிரியில துருப்பிடிச்சிடும், பிளாஸ்டிக் மூடியோ கார்க்கோ போடுங்க, கார்க் உள்ளூர்ல அளவுக்கு கிடைக்கிறது கஷ்டம், அது ஒண்ண மட்டும் ஆன்லைன்ல வாங்குங்க, பாட்டில் வாய உள்பக்கமா அளந்துட்டு ஆர்டர் போடுங்க.