கூதலிலும் மழையிலும் கடலோர முகாம்கள்: கேரவனோடு 6 ஆண்டுகள்

படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள நடமாடும் வீடுதான் கேரவன்; காரில் இழுத்துச் செல்லும் வகை எங்களுடையது. வாங்கி 6 ஆண்டுகள் ஆகின்றன. நான்கு பேர் படுக்கலாம், நாங்கள் மூவர். நல்ல வெயில் நாளில் எந்தக் கேரவனும் சௌகரியமாகத்தான் இருக்கும், எந்தக் கடற்கரையும் அழகாகத்தான் இருக்கும். அதனால் கோடைப் பயணங்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. குளிரும் மழையுமான நாட்களில் கேரவனைக் காரில் பூட்டிக்கொண்டு, கேரவன்களை நிறுத்தித் தங்கும் கடலோர முகாம்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. வண்டியின் குணமும் இடத்தின் குணமும் பிடிபட்டது அந்த நாட்களில்தான்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் முதல் ஆண்டில் பட்ட அடி. கடலுக்கு நேர் எதிரே, முன்வரிசையில் ஓர் இடம். படத்தைப் பார்த்தே பதிவு செய்துவிட்டோம். போய்ச் சேர்ந்த இரவு அடைமழை. விடிந்து கதவைத் திறந்தால் படிக்குக் கீழே கணுக்கால் அளவு தண்ணீர். மைதானத்தில் விழுந்த மழையெல்லாம் வடிந்து வந்து சேரும் மூலை அதுதான் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. காரோ முன்சக்கரத்தில் இழுக்கும் கார். கேரவனை மாட்டும் கொக்கியில் விழும் எடை காரின் பின்பக்கத்தை அழுத்தி, முன்சக்கரங்களின் பிடியைக் குறைத்துவிடும். ஈரப்புல்லில் சக்கரம் சுழன்று குழிதான் விழுந்தது, வண்டி அசையவில்லை. டிராக்டர் வந்துதான் வெளியே இழுத்தது.

அதன் பிறகு, கோடையில் தங்க நினைக்கும் இடத்தை முதலில் மழையில் போய்ப் பார்த்துவிடுவோம். வாசலருகே கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, அனுமதி கேட்டு, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடப்போம். குதிகாலை ஊன்றிப் பார்ப்பேன். தண்ணீர் ஊறி மேலே வந்தால் அந்த வரிசையே வேண்டாம். புல்லுக்கு நடுவே பாசியோ கோரையோ இருந்தால், அங்கே இன்று மட்டும் ஈரம் இல்லை, எப்போதுமே ஈரம் என்று அர்த்தம். மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கின்றன என்று பார்த்தால் அங்கே அதிகம் வீசும் காற்றின் திசை தெரிந்துவிடும். கடல் பக்க இலைகளின் ஓரம் கருகியிருந்தால் உப்புச்சாரல் அதுவரை வருகிறது. பழைய சக்கரத் தடங்கள் எங்கே ஆழமாக இருக்கின்றன என்பதையும் விடுவதில்லை. மணல் கலந்த தரை மழையைக் குடித்துவிடும். களிமண் தரை தேக்கி வைத்துக்கொள்ளும். இதையெல்லாம் வெயிலில் கண்டுபிடிக்க முடியாது.

கரையில் கடற்பாசியும் சுள்ளிகளும் ஒதுங்கிய கோட்டையும் போய்ப் பார்த்துவிடுவேன். ஓதம், அதாவது கடல் ஏற்றம், கடைசியாக எவ்வளவு தூரம் ஏறியது என்பதை அந்தக் கோடு காட்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் இன்னும் உயரும் என்பது பலருக்கும் தெரியும். காற்றழுத்தம் குறைந்தாலும் கடல் உயரும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அழுத்தம் 1 மில்லிபார் இறங்கினால் நீர்மட்டம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் ஏறும். 30 மில்லிபார் இறங்கிய புயல்நாளில், கரையை நோக்கி வீசும் காற்று தள்ளுவது போக, அதனால் மட்டுமே ஓர் அடி. முன்வரிசை ஆசை எனக்கு விட்டுப்போனது இப்படித்தான்.

இனி வண்டிக்குள். நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைப் பற்றித்தான்.

முதல் குளிர்காலத்தின் முடிவில் மெத்தையைத் தூக்கினால் அடியில் கரும்பூஞ்சை. ஜன்னல் சட்டங்களில் தினமும் காலையில் தண்ணீர் வழியும். ஒழுகல் என்றுதான் நினைத்தோம். பழுது பார்த்தவரும் அதையே சொல்லி, ஜன்னல் ஓரங்களைப் பிரித்து மறுபடி பூசினார். பணம் போனது, தண்ணீர் போகவில்லை. பிறகு சுவர் ஈரத்தை அளக்கும் கருவி ஒன்றை வாங்கி, மூலை மூலையாக வைத்துப் பார்த்தேன். எங்கும் 15 சதவீதத்துக்குக் கீழே. 20-ஐத் தாண்டினால்தான் கவலைப்பட வேண்டும். சுவருக்குள் ஒழுகல் இல்லை. வழிந்தது நாங்கள் விட்ட மூச்சு.

தூங்கும் ஒருவர் மணிக்கு 40 கிராம் அளவில் நீராவியை வெளியே விடுகிறார். மூன்று பேர், எட்டு மணி நேரம்: விடிவதற்குள் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர். அதற்கு மேல் சமையல். அடுப்பில் எரியும் வாயுவான புரொப்பேன் 1 கிலோ எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி உண்டாகும். அதற்கும் மேல், கடற்கரையில் நனைந்து வந்த மூன்று மழைக்கோட்டுகள். உள்ளே 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 12 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் அந்த ஆவி தண்ணீராகப் படியும். ஜன்னல் சட்டமும் மெத்தையின் அடிப்பலகையும் மழை இரவில் அதைவிடக் குளிர்ந்துதான் இருக்கும்.

கூரை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்போம் என்றேன். மனைவிக்குச் சம்மதமில்லை. "ஏங்க, வெளியே கொட்டுற மழையில அந்த ஈரக்காத்தையும் உள்ளே விட்டா இன்னும்தானே நனையும்?" என்றாள். எனக்கும் அதே பயம் இருந்ததால்தான் அத்தனை நாள் எல்லாவற்றையும் இறுக மூடி வைத்திருந்தோம். உண்மை வேறு. 8 டிகிரியில் நனைந்து கிடக்கும் வெளிக்காற்றில் இருக்கும் தண்ணீர் மிகக் கொஞ்சம். அதே காற்று உள்ளே வந்து 18 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு வந்துவிடும். மழைக் காற்றே நம் கேரவனை உலர்த்தும். காற்று படாத பக்கத்துக் கூரை ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து, ஹீட்டரை அணைக்காமல் இரவு முழுவதும் குறைவாக ஓடவிட்டோம். காலையில் மனைவிதான் முதலில் ஜன்னல் சட்டத்தைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

மெத்தைக்கு அடியில் இடைவெளி விட்ட சட்டங்களைப் பொருத்தினோம். நனைந்த உடைகள் எல்லாம் குளியலறைக்குள்; அதன் கதவை மூடி, அதற்கு மேலே இருக்கும் கூரை ஜன்னலை மட்டும் திறந்து வைப்போம். கம்பளத்தை எடுத்தே விட்டோம். ஐந்து ஆண்டுகளாகப் பூஞ்சை இல்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். குளிருகிறது என்று தரையில் இருக்கும் காற்றுத்துளைகளை யாரும் துணி வைத்து அடைக்காதீர்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தேங்கும், வெளியேற வழி அந்தத் துளைகள்தான். அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காயவும் கூடாது. மூடிய வண்டிக்குள் அடுப்பு எரிந்தால் சேரக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. அதற்கான அலாரம் இல்லாமல் நாங்கள் ஓர் இரவுகூடத் தங்குவதில்லை.

வாயுவில் இன்னொரு பாடம். ஒரு குளிர்ந்த விடிகாலையில் ஹீட்டர் நின்றுவிட்டது. சிலிண்டரைத் தூக்கினால் கனமாகவே இருந்தது. உள்ளே இருந்தது பியூட்டேன் என்ற வாயு. 0 டிகிரியை நெருங்கினால் அது ஆவியாகாமல் திரவமாகவே கிடக்கும். புரொப்பேனுக்கு அந்த எல்லை மைனஸ் 42. அன்று மாற்றியதுதான்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக: அடர்ந்த மேகத்தில் சோலார் பலகையை நம்ப வேண்டாம். முகாமின் இணைப்பு இருந்தால் கேபிளைச் சுருளாக வைக்காமல் முழுவதும் பிரித்துவிடுங்கள். சுருளாகவே இருந்தால் சூடேறும்.

வண்டியின் பக்கத்தில் பந்தல் போல விரிக்கும் ஆனிங் துணியில்தான் எங்களுக்கு இரண்டாவது பெரிய இழப்பு. 3 மீட்டருக்கு 2.5 மீட்டர் துணியில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்து அப்படியே தேங்கினால் 75 கிலோ. மூன்றாம் ஆண்டில் ஒரு மதியம் உறங்கி எழுவதற்குள் துணியைத் தாங்கும் கைகளில் ஒன்று வளைந்துவிட்டது. இப்போதெல்லாம் ஆனிங்கின் கால்களில் ஒன்றை நன்றாகத் தாழ்த்தி, தண்ணீர் ஓட வழி வைக்காமல் விரிப்பதில்லை. காற்று எழுந்தால் உடனே சுருட்டிவிடுவோம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. வண்டியின் மூக்கைக் காற்றுக்கு நேராக வைத்து, கதவு மறைவுப் பக்கம் வரும்படி நிறுத்துவது இதனால்தான்.

உப்பு மெதுவாகத் தின்னும். அலுமினிய உடம்பு நன்றாகவே இருக்கிறது. அதில் எஃகுத் திருகு சேரும் இடங்களில்தான் அரிப்பு தொடங்கியது. இரு வேறு உலோகங்கள் தொடும் இடத்தில் உப்புநீர் பட்டால் அப்படித்தான் ஆகும். நிறுத்திய வண்டியை அசையாமல் தாங்கும் மூலைக் கால்களின் மரைகள் ஒருமுறை இறுகிப்போயின. விளக்கு இணைப்பு பிளக்கில் பச்சைக்களிம்பு. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைத் துடைத்து கிரீஸ் தடவுகிறேன். டயர்களை இந்த ஆண்டு மாற்றினேன். தேய்மானம் அதிகமில்லை, ஆனால் பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள். டயரில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். பழைய வண்டி வாங்குவோர் முதலில் அதைப் படியுங்கள்.

மறுபடி வாங்கினால் சூடான காற்றை ஊதும் ஹீட்டரும் இரட்டை அடுக்கு ஜன்னல்களும் கட்டாயம் கேட்பேன். வெளியிலிருந்தே ஈரத் துணியைப் போடக்கூடிய அறை ஒன்று வேண்டும். முன்பக்கம் சாய்வாக இருக்கும் பெரிய கூரைக் கண்ணாடியை வேண்டாம் என்பேன். பார்க்க அழகு, படுக்கையில் கிடந்து வானம் பார்க்கலாம், ஆனால் வண்டியிலேயே குளிர்ந்த இடம் அது.

போன வாரமும் மழையில் நான்கு முகாம்களைப் பார்த்தோம். மூன்றில் பூட்ஸ் அமிழ்ந்தது. நான்காவதில் மணல்மேட்டுக்குப் பின்னால், இரண்டாவது வரிசையில், சரளை போட்ட ஓர் இடம். இரண்டு மணி நேரம் பெய்த பிறகும் குதிகால் உள்ளே போகவில்லை. மகள் மேட்டில் ஏறி, கீழே நின்ற எங்களைப் பார்த்து, மேலேதான் காற்று, அங்கே இல்லை என்று கத்தினாள். கோடைக்கு அந்த இடத்தைப் பதிவு செய்திருக்கிறோம். அங்கிருந்து கடல் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும்.