பிரெஞ்சா, ஜெர்மனா, ஜப்பானியமா: தண்டையார்பேட்டையில் ஒரு பிளஸ் ஒன் கணக்கு

பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்றே அக்கா மகள் கேட்டுவிட்டாள்: "மாமா, தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுக்கட்டுமா? நூற்றுக்கு நூறு வாங்கலாமாம்."

மதிப்பெண்தான் காரணம் என்றால் அந்தக் கணக்கையே முதலில் போடுவோம். பிளஸ் டூவில் மொத்தம் 600. அதில் முதல் மொழிக்கு 100. ஆனால் பொறியியல் கட்-ஆஃப் 200-இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. மொழிப்பாடத்தில் வாங்கிய நூறு அங்கே செல்லாக்காசு. மருத்துவத்துக்கோ நீட். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுத நினைத்தால் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுத்தே ஆக வேண்டும். பத்தாம் வகுப்புத் தரம்தான். ஆனாலும் தமிழ்ப் புத்தகத்தைத் தொடாமல் இரண்டு ஆண்டு ஓட்டியவருக்கு அதுவும் சறுக்கும்.

பள்ளி பிரெஞ்சில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. வாயைத் திறக்காமலே கரை சேர்ந்துவிடலாம். எங்கள் தெருப் பையன் ஒருவன் 98 வாங்கினான். 1856-இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனைப் படம் எடுக்க வந்த பிரெஞ்சுத் தம்பதி அவனிடம் வழி கேட்டபோது, ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டான். பாவம், அவன் மேல் குற்றமில்லை. 'இல் பார்ல்' என்றால் அவன் பேசுகிறான். அவர்கள் பேசுகிறார்கள் என்பதற்கும் உச்சரிப்பு அதேதான், எழுத்து மட்டும் வேறு. காதுக்குப் பழக்காமல் அது பிடிபடாது. பிரெஞ்சுத் திறனுக்குச் சான்று தரும் டெல்ஃப் தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25. மொத்தம் 50 எடுத்தாலும் ஏதாவது ஒன்றில் 5-க்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை. பிரெஞ்சு வேண்டுமென்றால் இந்தத் தேர்வை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஜெர்மன் எழுதியபடியே படிக்கலாம், அந்த வகையில் நிம்மதி. தலைவலி பால் பாகுபாட்டில். மேசை பிரெஞ்சில் பெண்பால், ஜெர்மனில் ஆண்பால். 'மேட்ஷென்', அதாவது சிறுமி, ஜெர்மனில் அஃறிணை போல ஒரு மூன்றாம் பால்! பொருளைப் பார்த்துத் திணை சொல்லும் நமக்கு இது வெறும் மனப்பாடம். ஆனால் ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பிளஸ் டூ முடித்ததும் பெரும்பாலும் நேரே நுழைய முடியாது. பலருக்கு ஓராண்டு ஆயத்தப் படிப்பு உண்டு. போவது உறுதி என்றால் ஜெர்மனே நல்லது.

ஜப்பானியத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. "மீனைச் சாப்பிடுகிறேன்" என்பது "சகானா ஓ தாபெமாஸ்". சகானா மீன், 'ஓ' நம் 'ஐ', வினை கடைசியில். "ராயபுரத்துக்குப் போகிறேன்" என்றால் "ராயபுரம் நி இகிமாஸ்". 'நி' நம் 'கு'. வேற்றுமை உருபு படித்த பிள்ளைக்கு இலக்கணம் பாதி தெரிந்த வீடு. மீதிப் பாதி கான்ஜி என்னும் சீன வழி எழுத்துகள்: அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று அரசு வகுத்த பட்டியலிலேயே 2,136 எழுத்துகள். ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்விலும் பேச்சுப் பகுதி கிடையாது. அந்தக் குறை இங்கேயும் இருக்கிறது.

தூரமும் ஒரு கணக்கு. பிரெஞ்சுக்கான அலியான்ஸ் பிரான்சேஸ், ஜெர்மனுக்கான மாக்ஸ் முல்லர் பவன் இரண்டும் நுங்கம்பாக்கத்தில். தண்டையார்பேட்டையில் ரயில் பிடித்து, கடற்கரையில் இறங்கி, தாம்பரம் வண்டிக்கு மாறி, வகுப்பு முடிந்து திரும்பும்வரை அக்கா வாசலிலேயே நிற்பாள்.

பள்ளியில் தமிழ், வீட்டில் ஆன்லைனில் ஜப்பானியம் என்று சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போனாள். நேற்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஜப்பானியத்தின் அடிப்படை எழுத்தான ஹிரகானா 46-ஐயும் எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள். 'ரு'வையும் 'ரோ'வையும் இடம் மாற்றிப் போட்டிருந்தாள்.